ஹார்டி எழுதிய பாடப்புத்தகம்

கணித மேதை ஸ்ரீநிவாஸ ராமானுஜன் என்றதும் பேராசிரியர் ஹார்டியின் பெயரும் நம் நினைவுக்கு வரும். அந்த ஹார்டி பல தலைமுறை மாணவர்களுக்குக் கால்குலஸ் கற்பித்த ஒரு பாடப்புத்தகத்தின் ஆசிரியர் என்பது நம்மில் பலருக்குத் தெரியாது.

காட்ஃப்ரே ஹெரால்டு ஹார்டி 1877 பிப்ரவரி 7 அன்று இங்கிலாந்தில் க்ரான்லி என்ற ஊரில் பிறந்தார். பெற்றோர் இருவருமே ஆசிரியர்கள். 1896ல் கேம்பிரிட்ஜ் டிரினிட்டி கல்லூரியில் சேர்ந்தார். அந்நாளில் அங்கே கணிதத் தேர்வு ஒரு குதிரைப் பந்தயம் போல நடந்தது. கணக்குகளை வேகமாகப் போடும் உத்திகளைச் சொல்லித்தரத் தனி ஆசிரியர்கள் இருந்தனர். ஹார்டிக்கு இது பிடிக்கவில்லை. லவ் என்ற பேராசிரியர், ஜோர்டான் என்ற பிரெஞ்சு அறிஞரின் நூலைப் படிக்கச் சொன்னார். கணிதம் என்றால் என்ன என்பது அதைப் படித்த பிறகே ஹார்டிக்கு விளங்கியது. 1898ல் தேர்வில் நான்காவதாக வந்தார்.

தான் தாமதமாகக் கற்றது மாணவர்களுக்கு ஆரம்பத்திலேயே கிடைக்க வேண்டும் என்று 1908ல் 'எ கோர்ஸ் ஆஃப் ப்யூர் மேதமேடிக்ஸ்' என்ற நூலை வெளியிட்டார். எண், எல்லை, தொடர்ச்சி என்று அஸ்திவாரத்திலிருந்து தொடங்கி, கால்குலஸின் விதிகள் ஏன் உண்மை என்பதை நிரூபணத்துடன் விளக்கினார்.

1914ல் இரண்டாம் பதிப்பு வந்தது. அதே ஆண்டு ஏப்ரலில் ராமானுஜன் கேம்பிரிட்ஜ் வந்து சேர்ந்தார். கும்பகோணத்தில் அவர் படித்தது கார் என்பவரின் நூல். சுமார் 5000 சூத்திரங்கள் கொண்ட அதில் முழு நிரூபணங்கள் குறைவு. ஹார்டிக்கு இது பெரிய தர்மசங்கடம். நிரூபண முறையை முதலிலிருந்து படிக்கச் சொன்னால் அந்த மேதையின் தன்னம்பிக்கை குலையலாம். அப்படியே விட்டால் பிழைகள் தொடரும். அவசியமானதை மட்டும் பக்குவமாகக் கற்பித்து, மற்றதில் ராமானுஜனின் போக்குக்கே விட்டார். தான் கற்பித்ததைவிட அவரிடம் கற்றதே அதிகம் என்று பின்னாளில் ஒப்புக்கொண்டார்.

ஹார்டி 1947 டிசம்பர் 1 அன்று காலமானார். பத்தாம் பதிப்பு 1952ல் வந்தது. 2008ல் நூற்றாண்டுப் பதிப்பும் வெளியாயிற்று.

நுழைவுத் தேர்வுக்காகச் சூத்திரங்களை மனப்பாடம் செய்யும் நம் குழந்தைகளுக்கு, 'ஏன்' என்று கேட்கவும் கற்றுக்கொடுப்போம். யாரிடம் அதை எவ்வளவு கேட்பது என்பதையும் ஹார்டி அறிந்திருந்தார்.