கேள்விக்கு முன் நின்ற கென்னடி

தலைவரைக் கேள்வி கேட்கப் போகிறார்கள் என்று தெரிந்தால், தலைவரைவிடத் தொண்டனுக்குத்தான் நெஞ்சு அதிகம் படபடக்கிறது. மேடையிலே அவர் முழங்கும்போது தட்டிய கை, எதிரே ஒருவர் எழுந்து இதற்கென்ன பதில் என்று கேட்கும்போது வியர்த்துவிடுகிறது. வார்த்தை தடுமாறிவிடுமோ, வெறும் வாயை மெல்லுகிற எதிரிக்கு அவல் கிடைத்துவிடுமோ என்ற கவலை! கேள்வி கேட்பவனே எதிரியின் கையாள் என்று முன்கூட்டியே சொல்லிவைத்துவிட்டால் நல்லதென்றுகூடத் தோன்றும். இந்தப் படபடப்பை நாமும் அறிவோம், நம் தோழர்களும் அறிவார்கள். 1960ஆம் ஆண்டு செப்டம்பர் 12ஆம் நாள் இரவு, அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்து ஜனநாயகக் கட்சித் தொண்டர்கள் டெலிவிஷன் பெட்டியின் முன் இதே படபடப்போடுதான் உட்கார்ந்திருந்தார்கள்.

அவர்களுடைய குடியரசுத் தலைவர் வேட்பாளர் ஜான் கென்னடி. வயது 43. ஹூஸ்டன் நகரத்து ரைஸ் ஓட்டலிலே, ஏறத்தாழ 300 புராட்டஸ்டண்டுப் பாதிரிமார்களின் முன்னே நின்று, அவர்கள் கேட்பதற்கெல்லாம் பதில் சொல்ல ஒப்புக்கொண்டிருந்தார். வேட்பாளரோ கத்தோலிக்கர். கேட்கப்போகிறவர்களோ, கத்தோலிக்கர் ஒருவர் வெள்ளை மாளிகையில் அமர்ந்தால் வாடிகனிலிருந்து போப்பாண்டவர் ஆணையிடுவார், இவர் தலையாட்டுவார் என்று அஞ்சியவர்கள். டெக்சாஸ் முழுவதும் அது நேரடியாக ஒளிபரப்பாயிற்று. ஒரு சொல் பிசகினாலும் மூடி மறைக்க வழியில்லை.

யார் இந்தக் கென்னடி? அவருடைய கொள்ளுத்தாத்தா அயர்லாந்திலே உருளைக்கிழங்கு அழுகிப் பஞ்சம் தலைவிரித்தாடிய காலத்தில் கப்பலேறி வந்தவர். பாஸ்டன் நகரிலே பீப்பாய் செய்யும் தொழிலாளியாக உழைத்து, 1858இல் காலராவுக்கு இரையானவர். தாத்தா துறைமுகத்தில் கப்பல் சரக்கு ஏற்றி இறக்கிப் பிழைப்பைத் தொடங்கி, பின்னர் மதுக்கடை வைத்து, அரசியலிலும் கால் வைத்தார். தகப்பனார் ஜோசப் காலத்திலோ செல்வம் கொட்டியது. பங்கு மார்க்கெட்டிலும் சினிமாவிலும் மதுபான வியாபாரத்திலும் கோடிகள் குவித்து, 1938இல் பிரிட்டனுக்குத் தூதராகவே போனார் அவர். ஆகவே 1917 மே 29ஆம் நாள் பிறந்த ஜான் கென்னடி, பாட்டாளியின் பேரன் என்று சொல்லத்தக்கவர்தானே தவிர, பசியை அறிந்தவர் அல்லர். இதை மறைத்துப் பேசுவது நமக்கு வேண்டாத வேலை.

பசி தெரியாதவருக்கு நோவு தெரிந்திருந்தது. பிள்ளைப் பிராயம் முதல் நோயாளி. முதுகுவலி ஆயுள் முழுவதும் விடவில்லை. அப்படிப்பட்டவர் கடற்படையில் சேர்ந்தார். 1943 ஆகஸ்டில் சாலமன் தீவுகளுக்கருகே, அவருடைய தலைமையிலிருந்த சிறு படகை ஜப்பானியப் போர்க்கப்பலொன்று மோதிப் பிளந்தது. 2 பேர் மாண்டனர். தீக்காயம் பட்ட தோழன் ஒருவனின் மிதவை அங்கியின் வாரைப் பல்லால் கடித்துக்கொண்டு, அவனை இழுத்தபடியே மணிக்கணக்கில் நீந்திக் கரை சேர்ந்தார் கென்னடி. அடுத்த ஆண்டே அவருடைய மூத்த சகோதரர் போர் விமானத்தில் வெடித்துச் சிதறினார். மூத்தவன் மீது தகப்பன் வைத்திருந்த ஆசையெல்லாம் இளையவன் தலையில் இறங்கியது. 1946இல் பிரதிநிதிகள் சபை, 1952இல் செனட் சபை, 1960இல் குடியரசுத் தலைவர் தேர்தல் என்று படிகள் விரைவாகவே ஏறின.

ஆனால் அந்தக் கடைசிப் படியில் ஒருவர் வழுக்கி விழுந்த கதையைக் கட்சிக்காரர்கள் மறந்துவிடவில்லை. 1928இல் நின்ற ஆல் ஸ்மித் அவர். நியூயார்க் மீன் சந்தையில் வேலை பார்த்து, அம்மாநிலத்தின் கவர்னராக உயர்ந்தவர். பெரிய கட்சியொன்றின் சார்பில் அப்பதவிக்கு நின்ற முதல் கத்தோலிக்கர். தென்னாட்டிலே ஜனநாயகக் கட்சிக்கே வழிவழியாக ஓட்டளித்த டெக்சாஸ்கூட அன்று எதிர்த்து ஓட்டளித்தது. தோல்விக்கு மதம் ஒன்றே காரணமல்ல என்பது உண்மை. எனினும் கத்தோலிக்கர் ஜெயிக்க முடியாது என்ற எண்ணம் 32 ஆண்டுகள் அந்தக் கட்சியின் எலும்பில் ஊறிக் கிடந்தது.

கென்னடி அதை முதலில் உடைத்தது மேற்கு வர்ஜீனியாவில். நிலக்கரிச் சுரங்க நாடு அது, புராட்டஸ்டண்டுகள் நிறைந்தது. 1960 மே மாதம் அங்கே நடந்த வேட்பாளர் தேர்வில் ஹ்யூபர்ட் ஹம்ப்ரியை வென்றார். சுரங்கத் தொழிலாளி ஒருவர், நீ பணக்காரன் மகனாமே, ஒரு நாளாவது உடலுழைப்பு செய்ததில்லையாமே என்று கேட்டதாகவும், கென்னடி மறுக்காமல் ஒப்புக்கொண்டதாகவும், அதனாலே ஒன்றும் குடிமுழுகிவிடவில்லை என்று அந்தத் தொழிலாளியே சொல்லிக் கைகுலுக்கியதாகவும் ஒரு கதை உண்டு. கதை நன்றாயிருக்கிறது. தகப்பனாரின் பணப்பை அங்கே தாராளமாகத் திறந்திருந்ததையும், ஹம்ப்ரி கையில் காசில்லாமல் தவித்ததையும் சேர்த்தே சொல்வதுதான் நேர்மை.

ஜூலையில் லாஸ் ஏஞ்சல்ஸ் மாநாடு கென்னடியை வேட்பாளராக்கியது. மதப் பேச்சு ஓய்ந்ததா? இல்லை. செப்டம்பர் 7ஆம் நாள், நாடறிந்த பாதிரியார் நார்மன் வின்சென்ட் பீலும் அவரைச் சேர்ந்தோரும் வாஷிங்டனில் கூடி, கத்தோலிக்கர் ஒருவர் தம் திருச்சபையின் நெருக்குதலிலிருந்து தப்ப முடியாது என்று அறிக்கை விட்டார்கள். ஹூஸ்டன் பாதிரிமார் சங்கத்தின் அழைப்பு கையிலிருந்த வேளை அது.

போகலாமா, கூடாதா? கூடாது என்றவர்களில் சாமானியர் இல்லை. பிரதிநிதிகள் சபையின் சபாநாயகர் சாம் ரேபர்ன், டெக்சாஸ்காரர், 78 வயது அனுபவசாலி. அங்கே இருப்பவர்கள் உனக்கு ஓட்டுப் போடப்போகிறவர்கள் அல்லர், உன்னைச் சாய்க்கக் காத்திருப்பவர்கள் என்பது அவர் கருத்து. 1928இல் டெக்சாஸ் கைவிட்டுப் போனதைக் கண்ணால் கண்ட மனிதர் வேறெப்படி நினைப்பார்? அவர் கோழையல்லர். பிள்ளையை மழையில் அனுப்பத் தயங்கும் பெரியவரைப் போலத்தான் தயங்கினார். ஆனால் கென்னடி போனார்.

கறுப்பு உடையில் வந்து நின்றார். பத்துப் பன்னிரண்டு நிமிடம் பேசினார். திருச்சபையும் அரசும் வேறு வேறாக இருக்கவேண்டும். பாதிரியார் எவரும் குடியரசுத் தலைவருக்குக் கட்டளையிடக் கூடாது. தன் மனச்சாட்சியும் நாட்டு நலனும் மோதும் நிலை வந்தால் பதவியைத் துறப்பேன் என்பதே சாரம். அன்று பகலில் பார்த்து வந்த அலமோ கோட்டையைக் குறிப்பிட்டு, டெக்சாசுக்காக அங்கே உயிர்விட்டவர்கள் கத்தோலிக்கரா அல்லவா என்று எவரும் கேட்கவில்லை என்பதை அந்த மண்ணின் மக்களுக்கே நினைவூட்டினார். தோற்பதானால் நாட்டுப் பிரச்சினைகளுக்காகத் தோற்கலாம். 4 கோடி மக்கள் ஞானஸ்நானம் பெற்ற அன்றே அந்தப் பதவிக்குரிய வாய்ப்பை இழந்தார்கள் என்றால், தோற்பது நாடுதான் என்றார்.

பேச்சு எழுதி வைத்தது. சோரன்சென் என்ற உதவியாளரின் பேனா அதிலே உண்டு. கேள்விகளுக்கு எந்தப் பேனா உதவும்?

ஒருவர் எழுந்து 1947ஆம் ஆண்டுச் சங்கதியைக் கிளறினார். போரில் உயிர்நீத்த, வெவ்வேறு சமயத்தைச் சேர்ந்த நான்கு இராணுவக் குருமார்களின் நினைவாலயத்துக்கான விருந்துக்கு வர இசைந்துவிட்டு, கடைசியில் வராமல் போனதேன், மேலிடத்து உத்தரவா என்றார். கென்னடி மழுப்பவில்லை. மக்கள் பிரதிநிதி என்ற முறையில் அழைத்திருந்தால் போயிருப்பேன், கத்தோலிக்க சமயத்தின் பிரதிநிதியாக அழைத்தார்கள், அதற்கு எனக்குத் தகுதியில்லை என்று விளக்கினார். இன்னொருவர், நீர் இங்கே சொன்னதையெல்லாம் கார்டினல் குஷிங் மூலம் வாடிகனுக்கு அனுப்பி ஒப்புதல் வாங்குவீரா என்று மடக்கினார். பொறி வைத்த கேள்வி அது! வாங்குவேன் என்றால் போப்பாண்டவருக்கு அடங்கியவர்; மாட்டேன் என்று சீறினால் சொந்த மதத்தாருக்கே பகைவர். என் பொதுக் கடமைக்கு எவருடைய ஒப்புதலும் தேவையில்லை என்ற பொருளில் அமைதியாகச் சொல்லி முடித்தார்.

நமக்கு மிகவும் பிடித்தது இறுதியில் அவர் சொன்னதுதான். கேட்டவர்களை மதவெறியர்கள் என்று அவர் ஏசவில்லை. இது கேட்கத்தக்க கேள்விதான், கேட்டதற்காக எவர் மீதும் வருத்தமில்லை என்றார். முந்நூறு பேரும் மனம் மாறிவிட்டார்கள் என்று எவனாவது எழுதினால் நம்பவேண்டாம். மரியாதையோடு கைதட்டினார்கள், அவ்வளவே. ஆனால் வீட்டிலே பெட்டியின் முன் இருந்தவர்கள் பார்த்தார்கள். கட்சிக்காரர்கள் அந்தப் படத்தைச் சுருள் சுருளாக எடுத்துக்கொண்டு நாடெங்கும் போட்டுக் காட்டினார்கள். மறைக்கவேண்டுமே என்று நடுங்கிய கூட்டம், கொண்டாடித் திரிந்தது! கிழவர் ரேபர்னுக்கு உண்டான மகிழ்ச்சியைக் கேட்கவேண்டுமா?

1950இல் அமெரிக்க வீடுகளில் பத்தில் ஒன்றில்கூட இல்லாத டெலிவிஷன், 1960இல் பத்துக்கு எட்டு வீட்டுக்கு மேல் வந்துவிட்டிருந்தது. இரண்டு வாரம் கழித்து, செப்டம்பர் 26ஆம் நாள் சிகாகோவில் நிக்சனோடு நடந்த முதல் விவாதத்தை ஏறத்தாழ 7 கோடிப் பேர் கண்டார்கள். முழங்கால் நோயால் மருத்துவமனையில் கிடந்து இளைத்துப்போய் வந்திருந்த நிக்சனின் முகம் அவருக்கு உதவவில்லை. நவம்பர் 8ஆம் நாள் சுமார் 6 கோடியே 88 லட்சம் வாக்குகளில் ஒன்றேகால் லட்சத்துக்கும் குறைவான வித்தியாசத்தில் கென்னடி வென்றார். டெக்சாசில் முன்னணி 46,000 அளவுதான். அடுத்த கத்தோலிக்கர் ஒருவர் அப்பதவிக்குத் தேர்ந்தெடுக்கப்பட 2020 வரை காத்திருக்க வேண்டியதாயிற்று.

கென்னடி எல்லாக் கேள்விக்கும் இப்படி மார்பைக் காட்டி நின்றாரா என்றால், இல்லை. 1947இலேயே அவருக்கு அடிசன் நோய் என்று மருத்துவர்கள் கண்டறிந்திருந்தார்கள். 1960இல் அதைப் பற்றிப் பேச்சு கிளம்பியபோது அவருடைய ஆட்கள் மறுத்தார்கள். வென்ற பின் நிருபர்கள் கேட்டபோது அவரும் மறுத்தார். ஹூஸ்டனில் நின்றவரா இவர் என்று கேட்கத்தான் தோன்றுகிறது.

ஆயினும் நிருபர்களை நேரடி ஒளிபரப்பிலே சந்திக்கும் வழக்கத்தை 1961 ஜனவரியில் தொடங்கிவைத்தவர் அவரே. பதவியிலிருந்தவரை 64 முறை நிருபர்களைச் சந்தித்தார். அந்த ஏப்ரலில் கியூபா மீது ஏவிய படையெடுப்பு பன்றிகள் விரிகுடாவில் படுதோல்வி கண்டபோது, பொறுப்பு என்னுடையது என்று அவர்கள் முன்னேதான் ஏற்றார்.

1963 நவம்பர் 21ஆம் நாள் மாலை அவர் மீண்டும் ஹூஸ்டனுக்கு வந்தார். தங்கி இளைப்பாறியது அதே ரைஸ் ஓட்டலில். அங்கே கூடியிருந்த மெக்சிகோ வம்சாவளி மக்களிடம் சில வார்த்தை பேசினார். மனைவி ஜாக்குலின் ஸ்பானிய மொழியில் பேசினார். இரவு விருந்தொன்றை முடித்துக்கொண்டு போர்ட் வொர்த் நகருக்கு விமானம் ஏறினார். மறுநாள் நண்பகல் டல்லாஸ் வீதியில் சுடப்பட்டு இறந்தார். அப்போது அவருக்கு வயது 46.