வீட்டை அடகு வைத்த கலைஞர்

பொதுநிதியியல் வகுப்பில் வருமான வரி வீதங்களைப் பற்றிப் பேசும்போதெல்லாம் ஒரு பாடலைக் குறிப்பிடுவது என் வழக்கம். பீட்டில்ஸ் இசைக்குழு 1966-இல் வெளியிட்ட 'டாக்ஸ்மேன்' என்ற பாடல் அது. ஹெரால்டு வில்சன் ஆட்சியில் பிரிட்டனின் பெருஞ்செல்வர்களுக்கான உச்ச வரி 95 விழுக்காட்டை எட்டியிருந்தது. அதைக் கேலி செய்து அப்பாடலை எழுதியவர் ஜார்ஜ் ஹாரிசன். வரி மிகுந்தால் உழைப்பின் ஊக்கம் குறையும் என்ற கோட்பாட்டை விளக்க அந்தப் பாடல் எனக்குப் பயன்பட்டது. பாடியவரைப் பற்றி நான் அதிகம் எண்ணியதில்லை. பணி ஓய்வுக்குப் பிறகு, 'வாட்டர்' என்ற பழைய ஆங்கில நகைச்சுவைப் படம் ஒன்றைப் பார்த்தபோதுதான் அந்த மனிதரின் கணக்கேடு எவ்வளவு விசித்திரமானது என்று புரிந்தது. அந்தப் படத்துக்குப் பணம் போட்டவர் அவர்தான்.

ஹாரிசன் 1943-இல் லிவர்பூல் நகரில் பிறந்தார். தந்தை பேருந்து நடத்துநர். இருபது வயதில் உலகப் புகழ். அந்தக் கதை எல்லோரும் அறிந்தது; அதை இங்கு நான் விரிக்கப் போவதில்லை. 1966-இல் சிதார் கற்க இந்தியா வந்து ரவிசங்கரிடம் மாணவராக அமர்ந்தார். 1974-இல் அவர் ஆதரவில் ஐரோப்பாவில் நடந்த இந்திய இசை விழாவில் வயலின் வாசித்தவர்களுள் நம் எல். சுப்பிரமணியமும் ஒருவர்.

வங்கதேச அகதிகளின் துயரைப் பற்றி ரவிசங்கர் சொல்லக் கேட்டு, 1971 ஆகஸ்ட் 1 அன்று நியூயார்க்கில் ஒரே நாளில் இரண்டு இசை நிகழ்ச்சிகளை ஹாரிசன் நடத்தினார். திரண்டவர்கள் ஏறத்தாழ 40,000 பேர். நுழைவுச் சீட்டு விற்பனையில் கிடைத்த சுமார் 2,43,000 டாலர் யுனிசெஃப் அமைப்புக்குச் சென்றது. இசைத்தட்டிலும் படத்திலும் வந்த பெருந்தொகையோ அமெரிக்க வருமான வரித் துறையின் பிடியில் ஆண்டுக்கணக்கில் சிக்கிக்கொண்டது. நிகழ்ச்சிக்கு முன்பே உரிய தொண்டு அமைப்பின் பெயரில் வரி விலக்குப் பெறாததே காரணம். பிரிட்டிஷ் அரசும் இசைத்தட்டின் விற்பனை மீதான வரியைத் தள்ளுபடி செய்ய மறுத்தது. தன் கையிலிருந்து பத்து லட்சம் பவுண்டு வரியாகச் செலுத்தினார் அவர். வரியைக் கேலி செய்து பாட்டெழுதியவரை வரி பழிவாங்கிய கதை இது என்று வகுப்பில் சொல்லியிருந்தால் மாணவர்கள் சிரித்திருப்பார்கள். அகதி முகாமில் இருந்தவர்களுக்கு அது சிரிப்பல்ல.

அடுத்த கதை திரைப்படத்தில் தொடங்குகிறது. 1978-இல் மான்டி பைத்தான் நகைச்சுவைக் குழுவினர் 'லைஃப் ஆஃப் பிரையன்' என்ற படத்தை எடுக்கவிருந்தனர். கதையைக் கண்டு அஞ்சிய இ.எம்.ஐ. நிறுவனம் கடைசி நேரத்தில் பணம் தர மறுத்தது. குழுவின் எரிக் ஐடில் ஹாரிசனின் நண்பர். அந்தப் படத்தைத் தான் பார்க்க வேண்டும் என்ற ஒரே ஆசைக்காக, ஹென்லி நகரில் தாம் வாங்கியிருந்த ஃப்ரையர் பார்க் என்னும் பெரிய மாளிகையை அடகு வைத்து, சுமார் 40 லட்சம் டாலர் திரட்டிக் கொடுத்தார் அவர். ஒரு திரைப்பட நுழைவுச் சீட்டுக்கு இதைவிட அதிக விலை கொடுத்தவர் உலகில் இல்லை என்று அவருடைய நண்பர்கள் கேலி பேசினர். முதலீட்டுக் கோட்பாடுகளை முப்பது ஆண்டுகள் கற்பித்த எனக்கு இந்த முடிவை எந்த அத்தியாயத்தில் சேர்ப்பது என்று இன்றும் தெரியவில்லை. படமோ பெருவெற்றி பெற்றது.

அந்த முயற்சிக்காகத் தம் நிதி மேலாளர் டெனிஸ் ஓபிரையனுடன் சேர்ந்து அவர் தொடங்கிய ஹேண்ட்மேட் ஃபிலிம்ஸ் நிறுவனம், பிரிட்டிஷ் திரைத்துறை நலிந்திருந்த காலத்தில் அதற்கு உயிர்த் தண்ணீர் வார்த்தது. சுமார் 50 லட்சம் டாலரில் உருவான 'டைம் பாண்டிட்ஸ்' அமெரிக்காவில் மட்டும் 4 கோடி டாலருக்கு மேல் வசூலித்தது.

1985-இல் வந்த 'வாட்டர்' தோல்விப் படம். அதனால்தான் அதைப் பற்றி யாரும் பேசுவதில்லை போலும். காஸ்காரா என்ற கற்பனைக் கரீபியத் தீவு, பிரிட்டனின் குடியேற்றம், லண்டன் மறந்தே போய்விட்ட இடம். ஆளுநர் பாக்ஸ்டர் துவெயிட்ஸாக மைக்கேல் கெய்ன். கைவிடப்பட்ட எண்ணெய்க் கிணற்றிலிருந்து ஒரு நாள் உயர்தரக் கனிமநீர் பீறிடுகிறது. அதற்குச் சற்றே வயிற்றைக் கலக்கும் குணமும் உண்டு. உடனே எல்லோருக்கும் தீவின் மீது காதல் பிறக்கிறது. டவுனிங் தெரு, அமெரிக்க எண்ணெய் நிறுவனம், விடுதலை முன்னணி என ஒவ்வொரு தரப்பும் வரிசையில் நிற்கிறது. பில்லி கனோலி ஏற்ற புரட்சியாளர் பாத்திரம், தீவு விடுதலை பெறும்வரை பேசுவதில்லை, பாடுவது மட்டுமே என்று சபதம் செய்திருக்கிறது. தாட்சராக மௌரீன் லிப்மன் வருகிறார்.

ஃபாக்லாந்துப் போர் முடிந்து மூன்று ஆண்டுகள். காமன்வெல்த் நாடான கிரெனடாவுக்குள் அமெரிக்கப் படை நுழைந்து இரண்டே ஆண்டுகள். படப்பிடிப்பு நடந்த செயின்ட் லூசியா 1979-இல்தான் விடுதலை பெற்றிருந்தது. படத்தின் சிரிப்பு எங்கிருந்து வருகிறது என்பதை அன்றைய பார்வையாளருக்கு விளக்க வேண்டியிருந்திருக்காது. எனக்கு நினைவுக்கு வந்தது வேறொரு தீவு. டீகோ கார்சியாவில் அமெரிக்கத் தளம் அமைக்க இடம் தேவைப்பட்டபோது, 1968 முதல் 1973 வரை சாகோஸ் மக்களைப் பிரிட்டன் அவர்களுடைய மண்ணிலிருந்து அகற்றியது. அங்கே பாட்டு இல்லை. பயனற்றதென்று கிடந்த தீவுக்குத் திடீரென்று ஒரு பயன் கண்டுபிடிக்கப்பட்டது, அவ்வளவுதான்.

படத்தின் நகைச்சுவை பல இடங்களில் தட்டையானது என்பதையும் சொல்லியாக வேண்டும். காஸ்காரா மக்களைவிட ஆளுநரின் மீதே கேமராவுக்கு அக்கறை அதிகம். ஆனால், ஐ.நா. சபையில் தீவின் விடுதலையைக் கோரிப் புரட்சியாளர் பாடும் காட்சியில் நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். பின்னணியில் வாசிக்கும் குழுவில் எரிக் கிளாப்டன், ரிங்கோ ஸ்டார், கையில் கிதாருடன் ஹாரிசன். மூவரும் 1971-இல் வங்கதேசத்துக்காக ஒரே மேடையில் வாசித்தவர்கள். தம் வாழ்வின் மிக உயர்ந்த செயலையே அவர் கேலிக்குக் கொடுத்திருக்கிறார். அதற்குப் பணமும் அவரே போட்டிருக்கிறார். இசையால் உலகைத் திருத்தலாம் என்று நம்பி, பின் வரிக் கணக்கில் மாட்டிய ஒருவரால்தான் அப்படிச் சிரிக்க முடியும் என்று எனக்குப் பட்டது.

அதன்பின் சரிவு. 1986-இல் 'ஷாங்காய் சர்ப்ரைஸ்' வீழ்ந்தது. கடன்கள் பெருகின. வங்கிக் கடன்களுக்கான பொறுப்பு இருவருக்கும் சமம் என்று நம்பியிருந்த தம்மைத் தனியே சிக்கவைத்துவிட்டதாக ஓபிரையன் மீது 1995-இல் ஹாரிசன் வழக்குத் தொடுத்தார். நிறுவனம் அதற்கு முந்தைய ஆண்டே 85 லட்சம் டாலருக்குக் கைமாறிவிட்டது. நீதிமன்றம் 1996-இல் அவருக்கு ஒரு கோடியே பத்து லட்சம் டாலருக்கு மேல் தரச் சொன்னது. ஓபிரையன் திவால் மனு கொடுத்தார்.

ஃப்ரையர் பார்க் மட்டும் கைவிட்டுப் போகவில்லை. பாழடைந்து கிடந்த அதன் தோட்டத்தை ஆண்டுக்கணக்கில் தம் கையாலேயே மண் கிளறிச் சீராக்கினார் அவர். 1980-இல் வெளியான தம் தன்வரலாற்றை உலகத் தோட்டக்காரர்களுக்குக் காணிக்கையாக்கினார். 1999 டிசம்பரில் அந்த வீட்டுக்குள்ளேயே புகுந்த ஒருவன் கத்தியால் குத்தியும் உயிர் பிழைத்தார். 2001 நவம்பர் 29 அன்று, 58 வயதில், புற்றுநோயால் லாஸ் ஏஞ்சலிஸில் மறைந்தார். பாதியில் நின்ற அவருடைய கடைசி இசைத்தொகுப்பை அடுத்த ஆண்டு மகன் தானி முடித்து வெளியிட்டார்.