செம்பாக்கம் ஏரி மீனுக்கும் நோபல் விஞ்ஞானிக்கும் என்ன தொடர்பு?

ஏரியில் மீன் செத்து மிதந்தால், 'தண்ணியில விஷம் கலந்துடுச்சு' என்போம். ஆனால், மீனை உடனே கொல்லாத அளவுக் கழிவுகூட அதன் நோய் எதிர்ப்பு சக்தியைக் குறைத்துவிடும். எப்படி? எலி மெச்னிகாஃபின் வாழ்க்கையில் இருந்து தொடங்கலாம்.

யார் இவர்?

இன்றைய உக்ரைனின் கார்கிவ் பகுதியில் 1845-ல் பிறந்த விலங்கியல் அறிஞர். முதல் மனைவி லுட்மிலாவை 1873-ல் காசநோய் பறித்தது. இரண்டாவது மனைவி ஓல்காவையும் டைபாய்டு படுக்கையில் தள்ளியது, நல்லவேளை, பிழைத்துக்கொண்டார். 1882-ல் ஒடெசா பல்கலைக்கழக வேலையை விட்டுவிட்டு, குடும்பத்தோடு இத்தாலியின் மெசினாவுக்குப் போனார்.

முள் காட்டிய வழி

அங்கே, கண்ணாடி போன்ற உடல் கொண்ட நட்சத்திர மீன் குஞ்சுக்குள் ரோஜா முள்ளைச் செருகினார். (பெயர்தான் மீன், உண்மையில் அது மீன் இல்லை.) மறுநாள் காலை பார்த்தால், முள்ளைச் சுற்றி செல்கள் மொய்த்திருந்தன! அடுத்து, டாப்னியா என்ற குட்டி நன்னீர் உயிரியை ஆராய்ந்தார். உள்ளே நுழைந்த பூஞ்சை வித்துகளை செல்கள் விழுங்கின. செல்கள் தோற்றால் டாப்னியா செத்தது.

கிருமியை அழிப்பது செல் அல்ல, ரத்தத்தின் திரவப் பகுதிதான் என்று ஜெர்மன் ஆய்வாளர்கள் பலர் எதிர்த்தார்கள். மெச்னிகாஃப் விடவில்லை. 1888-ல் பாரிஸின் பாஸ்டர் நிறுவனத்தில் சேர்ந்தார். கடைசியில் இரு தரப்பும் சரிதான் என்றானது. 1908-ல் எதிரணியின் பால் எர்லிக்கோடு நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். 1916-ல் பாரிஸில் காலமானார்.

நம்ம ஏரிக்கு இது ஏன் முக்கியம்?

அதே விழுங்கு செல்கள்தான் மீனுக்கும் காவல். தலையை ஒட்டிய சிறுநீரகப் பகுதியில் அவை உருவாகின்றன. கன உலோகங்களும் பூச்சிக்கொல்லிகளும் இந்தக் காவலைப் பலவீனமாக்குகின்றன. உதாரணம், தோல் பதனிடப் பயன்படும் குரோமியம். குரோம்பேட்டைக்குப் பெயர் வந்ததே அங்கிருந்த குரோம் தோல் தொழிற்சாலையால்தான்! ஜிலேபி மீன்களைக் குரோமியம் கலந்த நீரில் வைத்துத் தமிழக ஆய்வாளர்கள் சோதித்தார்கள். ஆன்டிபாடி உற்பத்தி குறைந்தது; ஏரோமோனாஸ் பாக்டீரியாவைத் தாங்கும் திறனும் சரிந்தது.

செம்பாக்கம் ஏரியில் பல வருடங்களாகக் கழிவுநீர் கலந்தது. அதன் உபரி நீர் போய்ச் சேருவது, 2022-ல் ராம்சர் அங்கீகாரம் பெற்ற பள்ளிக்கரணை சதுப்பு நிலத்துக்கு. ஆகவே, மீன் உயிரோடு நீந்துவதை மட்டும் வைத்து தண்ணீர் நல்லா இருக்குன்னு முடிவு பண்ண முடியாது. நீரோடு சேர்த்து, மீனின் ரத்தத்தையும் சோதிக்க வேண்டும்.