கயிற்றோடு ஊர் சுற்றிய கதை மன்னர்

இரவு நேரம். ஐரோப்பாவில் ஒரு பயணிகள் விடுதி. மாடி அறையில் ஒருவர் படுக்கத் தயாராகிறார். நெட்டையான உருவம். நீண்ட மூக்கு. ஒல்லியான கை கால்கள்.

அவருடைய பெட்டியில் துணிமணிகளோடு ஒரு கயிறு இருக்கிறது. நீளமான, தடித்த கயிறு. விடுதி தீப்பற்றிக் கொண்டால் என்ன செய்வது? ஜன்னல் வழியாக இறங்கித் தப்ப வேண்டும். அதற்குத்தான் அந்தக் கயிறு!

பிறகு ஒரு துண்டுக் காகிதத்தைப் படுக்கைக்குப் பக்கத்தில் வைக்கிறார். தாம் இறந்தவர்போலத் தோன்றினாலும் உண்மையில் இறக்கவில்லை என்று அதில் எழுதியிருக்கிறது. தூக்கத்தில் இருப்பவரைப் பிணம் என்று நினைத்து யாராவது புதைத்துவிட்டால்? அதற்குத்தான் அந்தக் காகிதம்!

இந்த மனிதர் யார்? உலகக் குழந்தைகள் எல்லோருக்கும் தெரிந்தவர். அழகற்ற வாத்துக் குஞ்சின் கதையையும், ஆடை இல்லாமல் ஊர்வலம் போன அரசனின் கதையையும், கடல் கன்னியின் கதையையும் எழுதியவர். டென்மார்க் நாட்டு எழுத்தாளர் ஹான்ஸ் கிறிஸ்டியன் ஆண்டர்சன்.

தாத்தாவின் பின்னால் ஓடிய கூட்டம்

டென்மார்க்கில் ஓடென்ஸ் என்று ஓர் ஊர். அங்கே 1805-ம் ஆண்டு ஏப்ரல் 2-ந் தேதி ஆண்டர்சன் பிறந்தார். தகப்பனார் செருப்புத் தைக்கும் தொழிலாளி. தாயார் ஆற்றின் குளிர்ந்த நீரில் நின்று ஊரார் துணிகளைத் துவைத்துப் பிழைத்தவர். பரம ஏழைக் குடும்பம்.

ஒரு பிரபுவின் சவப்பெட்டியைத் தாங்கி நின்ற மரச் சட்டத்தை வாங்கி, தகப்பனார் அதைக் கட்டிலாகச் செய்தாராம். தாம் பிறந்தது அந்தக் கட்டிலில்தான் என்று ஆண்டர்சனே தம் வாழ்க்கை வரலாற்றில் எழுதியிருக்கிறார்.

தகப்பனாரின் தகப்பனார் சித்தம் கலங்கியவர். மரத்தில் விசித்திரமான பொம்மைகளைச் செதுக்கிக் கூடையில் சுமந்து திரிவார். தெருப் பையன்கள் கூச்சல் போட்டுக்கொண்டு அவர் பின்னால் ஓடுவார்கள். ஒருநாள் பேரன் அந்தக் காட்சியைப் பார்த்துவிட்டான். ஓடிப்போய் மாடிப்படிக்குப் பின்னால் ஒளிந்துகொண்டான். உடம்பெல்லாம் நடுங்கியது. தானும் அந்த இரத்தம்தானே, தனக்கும் அந்தக் கதி வருமோ?

அந்தப் பயம் அவரை வாழ்நாள் முழுவதும் விடவில்லை. பயத்தைப் போலவே, கேலியும் அவருக்கு அன்றே அறிமுகமாகிவிட்டது.

13 டேலருடன் தலைநகரில்

1816-ல் தகப்பனார் இறந்தார். மூன்று ஆண்டு கழித்து, 14 வயதில், பையன் தலைநகரான கோபன்ஹேகனுக்குப் புறப்பட்டான். கையில் 13 டேலர் பணம். தெரிந்தவர் யாரும் இல்லை. போகிற இடத்தில் என்ன ஆகுமோ என்று தாயார் கவலைப்பட்டு, குறி சொல்லும் கிழவி ஒருத்தியைக் கேட்டாள். பையன் பெரிய மனிதன் ஆவான், அவனுக்காக ஒருநாள் ஓடென்ஸ் நகரமே விளக்கேற்றும் என்று அவள் சொன்னாளாம்.

நாடகத்தில் நடிக்கப் பார்த்தான், முடியவில்லை. பாடப் பார்த்தான்; குரல் உடைந்துபோயிற்று. ஆடப் பார்த்தான், நெட்டைக் கால்களைப் பார்த்துச் சிரித்தார்கள். கடைசியில் அரசாங்க நாடக அரங்கின் நிர்வாகிகளில் ஒருவரான யோனாஸ் கொலின் என்பவர் இரக்கப்பட்டார். அரசாங்க உதவிப் பணம் பெற்றுத் தந்து, 1822-ல் பள்ளிக்கு அனுப்பினார்.

17 வயது வாலிபன், சின்னஞ்சிறு பையன்களோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்தான். தலைமையாசிரியர் எல்லோர் முன்னாலும் அவனை மட்டம் தட்டினார். அந்தப் பள்ளி நாட்கள் தம் வாழ்வின் மிக இருண்ட காலம் என்று பின்னால் ஆண்டர்சன் நினைவுகூர்ந்தார். ஆனாலும் படித்து முடித்தார்.

1835-ல் அவருடைய முதல் சிறுவர் கதைப் புத்தகம் வெளியாயிற்று. அதில் ஒரு கதை, இருபது மெத்தைக்கு அடியில் ஒரு பட்டாணியை வைத்தாலும் உடம்பு வலித்துத் தூங்க முடியாமல் போகும் இளவரசியின் கதை. மற்றவருக்குத் தெரியாதது அவளுக்கு உறுத்துகிறது. அவள் பொய் சொல்லவில்லை. அடியில் பட்டாணி இருக்கத்தான் செய்தது!

எத்தனை பயங்கள்!

புகழ் வந்தது. பயம் போகவில்லை. நாயைக் கண்டால் பயம். கள்வர் பயம். பாஸ்போர்ட்டில் ஏதாவது தவறு இருந்து, எல்லையில் பிடித்துக்கொள்வார்களோ என்ற பயம். பன்றி இறைச்சியில் புழு இருக்குமோ என்ற பயம். தீப் பயம். எல்லாவற்றுக்கும் மேலாக, உயிரோடு புதைத்துவிடுவார்களோ என்ற பயம்.

இன்று கேட்டால் சிரிப்பு வரலாம். ஆனால் அந்தக் காலத்தில் அது அவர் ஒருவருடைய பயம் மட்டும் அல்ல. இதயத் துடிப்பைக் கேட்கும் ஸ்டெதஸ்கோப் கருவியே 1816-ல்தான் கண்டுபிடிக்கப்பட்டது. ஒருவர் இறந்துவிட்டாரா, மயங்கிக் கிடக்கிறாரா என்று திட்டமாகச் சொல்வது எளிதாக இல்லை. இறந்து மூன்று நாள் ஆவதற்குள் தம்மைக் கல்லறையில் வைக்கக் கூடாது என்று அமெரிக்காவின் முதல் ஜனாதிபதி ஜார்ஜ் வாஷிங்டன் 1799-ல் சொல்லிவிட்டு இறந்தார். இறந்த பிறகு தம் இரத்தக் குழாய்களைத் திறந்து பார்க்க வேண்டும் என்று ஆல்பிரட் நோபல் 1895-ல் தம் உயிலில் எழுதினார். வாஷிங்டன் போர்க்களம் கண்ட தளபதி. நோபல் வெடிமருந்தோடு விளையாடிய விஞ்ஞானி. இருவரையும் யாரும் கோழை என்று சொல்லவில்லை!

ஆண்டர்சனின் பயங்களைப் பற்றிப் பேசுகிறவர்கள் இன்னொன்றை மறந்துவிடுகிறார்கள். இத்தனை பயமும் உள்ள இந்த மனிதர், சுமார் 30 முறை வெளிநாட்டுப் பயணம் போனவர்! ஜெர்மனி, இத்தாலி, கிரீஸ், துருக்கி, ஸ்பெயின், போர்த்துக்கல் என்று சுற்றினார். ரயில் புதிதாக வந்த காலத்தில், 1840-லேயே அதில் ஏறி உட்கார்ந்தார். பயம் போகட்டும், அப்புறம் புறப்படலாம் என்று அவர் வீட்டில் உட்கார்ந்திருக்கவில்லை. கயிற்றைப் பெட்டியில் வைத்தார்; புறப்பட்டார்.

பூட்ஸுக்குள் கடிகாரம்

1857-ம் ஆண்டு. புகழ்பெற்ற ஆங்கில நாவலாசிரியர் சார்லஸ் டிக்கன்ஸ், ஆண்டர்சனைத் தம் வீட்டுக்கு அழைத்தார். கொஞ்ச நாள் தங்க வந்த விருந்தாளி ஐந்து வாரம் தங்கிவிட்டார். ஆங்கிலமும் அவருக்குச் சரியாக வராது. வீட்டுப் பிள்ளைகளுக்கு அலுத்துப் போயிற்று.

ஒருநாள் லண்டனில் ஆண்டர்சன் வாடகை வண்டியில் வந்தார். வண்டிக்காரன் அவருக்குப் பழக்கமில்லாத வழியில் ஓட்டினான். தம்மைக் கொள்ளையடித்துக் கொல்லத்தான் கொண்டுபோகிறான் என்று ஆண்டர்சன் நடுங்கிப் போனார். கடிகாரம், பணம், ரயில் அட்டவணை, கத்தரிக்கோல், கடிதங்கள் எல்லாவற்றையும் கால் பூட்ஸுக்குள் திணித்துக்கொண்டார். நொண்டி நொண்டி வீட்டுக்குள் வந்தார்.

டிக்கன்ஸ் இதை நண்பர்களுக்குச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார். விருந்தாளி போன பிறகு, அவர் தங்கிய அறைக் கண்ணாடியில் கேலியாக ஒரு குறிப்பும் எழுதி வைத்தார். ஐந்து வாரம் வீட்டாருக்கு ஐந்து யுகமாகத் தோன்றியது என்பது அதன் கருத்து. அதன் பிறகு ஆண்டர்சன் எழுதிய கடிதங்களுக்குப் பதில் வரவில்லை. தாம் செய்த தவறு என்ன என்று ஆண்டர்சனுக்குப் புரியவே இல்லை.

அடுத்த ஆண்டு, 1858 செப்டம்பரில், ஜெர்மனியிலிருந்து அமெரிக்கா போன ஆஸ்திரியா என்ற நீராவிக் கப்பல் நடுக்கடலில் தீப்பற்றிக் கொண்டது. நூற்றுக்கணக்கானவர்கள் மாண்டார்கள். அவர்களில் ஹென்ரியட் உல்ப் என்ற பெண்ணும் ஒருத்தி. ஆண்டர்சனைக் கேலி செய்யாமல் புரிந்துகொண்ட நெடுநாள் தோழி. தீயைப் பற்றிய பயம் வெறும் கற்பனை அல்ல என்று அவர் அறிந்துகொண்டது இந்த விதத்தில்தான். அமெரிக்காவிலிருந்து அழைப்புகள் வந்தும் அவர் கடைசிவரை அங்கே போகவில்லை.

சிரித்தவருக்கும் வந்தது

1865-ம் ஆண்டு ஜூன் 9-ந் தேதி. டிக்கன்ஸ் பிரான்சிலிருந்து திரும்பி, ரயிலில் லண்டன் வந்துகொண்டிருந்தார். ஸ்டேப்பில்ஹர்ஸ்ட் என்ற ஊருக்கு அருகே, பழுதுபார்ப்பதற்காகப் பாலத்தில் தண்டவாளத்தைக் கழற்றி வைத்திருந்தார்கள். ரயில் கவிழ்ந்தது. 10 பேர் இறந்தார்கள். டிக்கன்ஸ் இருந்த பெட்டி பாலத்தின் ஓரத்தில் தொங்கி நின்றது. அவர் வெளியே வந்து, தொப்பியில் தண்ணீர் மொண்டு, காயம் பட்டவர்களுக்குக் கொடுத்து உதவினார்.

அந்த வேளையில் அவர் தைரியசாலி. ஆனால் அதற்குப் பிறகு?

ரயில் வேகமாகப் போனால் டிக்கன்ஸுக்குக் கை நடுங்கும், முகம் வியர்க்கும். இருக்கையின் கைப்பிடியை இறுகப் பிடித்துக்கொள்வார். சில நேரம் வழியில் இறங்கி, மீதித் தூரத்தை நடந்தே போவார். லண்டன் தெருவில் வாடகைக் குதிரை வண்டியில் போகும்போதுகூட, காரணம் இல்லாமல் திடீரென்று திகில் பிடித்துக்கொள்ளும் என்று அவரே எழுதினார்.

வாடகை வண்டியில் பயந்த விருந்தாளியைப் பார்த்துச் சிரித்தவர் அவர்! எட்டே ஆண்டில், அதே லண்டன் வண்டியில் அவர் உட்கார்ந்து நடுங்கினார். வேண்டாம் என்று நினைத்தால் போகிற பயமாக இருந்தால், அத்தனை பெரிய அறிவாளியால் அதைப் போக்க முடியாதா? முடியவில்லை. விபத்து நடந்த அதே ஜூன் 9-ந் தேதி, 1870-ல், டிக்கன்ஸ் காலமானார்.

விளக்கேற்றிய ஊர்

ஆண்டர்சனுக்கு ஒரு பெரிய நாள் வந்தது. 1867 டிசம்பர் 6-ந் தேதி ஓடென்ஸ் நகரம் அவருக்குக் கௌரவக் குடிமகன் பட்டம் அளித்தது. பள்ளிகளுக்கு விடுமுறை. நகரம் எங்கும் தீப அலங்காரம். கிழவி சொன்ன குறி பலித்துவிட்டது! ஆனால் ஜன்னலில் நின்ற ஆண்டர்சனுக்கு அன்று தாங்க முடியாத பல்வலி. பாட்டில் இன்னும் எத்தனை அடி பாக்கி என்று எண்ணிக்கொண்டு நின்றாராம்.

கடைசிக் காலத்தில் அவரைத் தாங்கியது மெல்கியர் என்ற வியாபாரியின் குடும்பம். கோபன்ஹேகனுக்கு வெளியே அவர்களுக்கு ஒரு வீடு. அந்த வீட்டின் பெயருக்கு அமைதி என்று பொருள். நோயாளியான ஆண்டர்சனை அங்கே வைத்துக் கவனித்துக்கொண்டார்கள். புதைக்கும் முன் தம் இரத்தக் குழாயை வெட்டிப் பார்க்க வேண்டும் என்று அந்த வீட்டு அம்மாள் டோரதியாவிடம் ஆண்டர்சன் கேட்டுக்கொண்டார். அந்த அம்மாள் அவரை ஏளனம் செய்து துரத்தவில்லை. கடைசி நாள் வரை பணிவிடை செய்தாள்.

1875 ஆகஸ்டு 4-ந் தேதி, அந்த வீட்டிலேயே, 70 வயதில் ஆண்டர்சன் உயிர் நீத்தார். இறுதிச் சடங்குக்கு டென்மார்க் மன்னரே வந்திருந்தார். செருப்புத் தொழிலாளியின் மகனுக்கு நாடே அழுதது.

இன்று மருத்துவர்கள் இப்படிப்பட்ட பயங்களை மனநோய்களில் ஒன்றாகவே வைத்துப் பார்க்கிறார்கள். பயப்படும் பொருளைச் சிறிது சிறிதாகப் பழக்கி, பயத்தைக் குறைக்க வழி இருக்கிறது. கேலி அந்த மருந்துகளில் ஒன்று அல்ல. கேலி செய்தால் பயம் போகாது. பயத்தை வெளியே சொல்வதுதான் போகும். கரப்பான் பூச்சிக்கு நடுங்கும் பெண்ணும், இருட்டுக்கு அஞ்சும் சிறுவனும், மாடியிலிருந்து கீழே பார்க்க முடியாத பெரியவரும் எந்த வீட்டில் இல்லை?

ஆண்டர்சன் பிறந்த ஏப்ரல் 2-ந் தேதியை, 1967 முதல் உலகக் குழந்தைகள் புத்தக தினமாகக் கொண்டாடுகிறார்கள். ஓடென்ஸில் அவர் பெயரால் ஓர் அருங்காட்சியகம் இருக்கிறது. அவருடைய பெட்டியையும், தொப்பியையும், குடையையும் அங்கே பாதுகாத்து வைத்திருக்கிறார்கள். அவற்றோடு, உலகம் சுற்றிய அந்தக் கயிறும் இருக்கிறது.