தோளுக்கு மேல் உயராத கை
விசுவாச வீரர் வரிசை: டேவிட் லிவிங்ஸ்டன் (1813 - 1873)

 

ஆப்பிரிக்கா என்றாலே நமக்கு டேவிட் லிவிங்ஸ்டன் ஞாபகம் வரும். இருண்ட காடுகளைக் கடந்தவர், அடிமை வியாபாரத்தை எதிர்த்தவர் என்று பள்ளிக்கூடத்தில் படித்திருக்கிறோம். ஆனால் அந்தப் பிரயாணங்களையெல்லாம் அவர் ஒடிந்து சரியாகக் கூடாத ஒரு கையோடு செய்தார் என்பது அநேகருக்குத் தெரியாது. இந்த மாதம் அந்தக் கையைப் பற்றித்தான் எழுதுகிறோம்.

நூல் ஆலையிலிருந்து ஊழியத்துக்கு

ஸ்காட்லாந்தில் பிளாண்டையர் என்ற ஊரில் 1813 மார்ச் 19-ம் தேதி பிறந்தவர் லிவிங்ஸ்டன். ஏழைக் குடும்பம். 10 வயதிலேயே பஞ்சாலையில் வேலைக்குப் போனார். காலை 6 மணிக்குப் போனால் ராத்திரி 8 மணிக்குத்தான் விடுவார்கள். முதல் வாரச் சம்பளத்தில் ஒரு லத்தீன் இலக்கணப் புத்தகம் வாங்கினார். நூற்கிற இயந்திரத்தின் மேல் புத்தகத்தை விரித்து வைத்து, வேலை செய்துகொண்டே ஒவ்வொரு வரியாய்ப் படித்தார்.

கர்த்தர் அவரை ஊழியத்துக்கு அழைத்தார். கிளாஸ்கோவில் வைத்தியம் படித்து 1840-ல் டாக்டரானார். சீனாவுக்குப் போக ஆசை. அபினி யுத்தம் அந்த வாசலை அடைத்துவிட்டது. அப்போது தென் ஆப்பிரிக்காவிலிருந்து வந்திருந்த ராபர்ட் மொபாட் என்ற மிஷனெரியைச் சந்தித்தார். சுவிசேஷம் எட்டாத கிராமங்களைப் பற்றி அவர் சொன்னது இருதயத்தைத் தொட்டது. 1841-ல் குருமான் என்ற மிஷன் ஊருக்கு வந்து சேர்ந்தார். பிறகு வடக்கே போய் மபோட்சாவில் ஒரு புதிய ஊழியத்தைத் தொடங்கினார்.

சிங்கத்தின் வாயில்

1844 பிப்ரவரி. மபோட்சாவில் சிங்கங்கள் ஆடுமாடுகளை அடித்துக்கொண்டிருந்தன. யாரோ சூனியம் வைத்துவிட்டார்கள் என்று ஜனங்கள் பயந்துபோயிருந்தார்கள். ஒரு சிங்கத்தைக் கொன்றால் மற்றவை ஓடிப்போகும் என்பதால் லிவிங்ஸ்டன் அவர்களுக்குத் துணையாகப் போனார். புதருக்குப் பின்னால் நின்ற சிங்கத்தின்மேல் இரண்டு குண்டும் சுட்டார். மறுபடி மருந்து நிரப்புவதற்குள் அது பாய்ந்து அவர் தோளைக் கவ்விக் கீழே தள்ளி உலுக்கியது.

அந்த நேரத்தில் ஓடிப்போகாமல் நின்றவர் மெபால்வே என்ற வயதான ஆப்பிரிக்க விசுவாசி. குருமானிலிருந்து உபதேசியாராக வந்தவர். பத்துப் பதினைந்து கஜ தூரத்திலிருந்து துப்பாக்கியை நீட்டினார். இரண்டு குழலும் வெடிக்கலை! ஆனாலும் சிங்கம் லிவிங்ஸ்டனை விட்டுவிட்டு மெபால்வேயின் தொடையைக் கடித்தது. லிவிங்ஸ்டன் முன்பு ஒரு காட்டெருமையிடமிருந்து காப்பாற்றியிருந்த வேறொருவர் ஈட்டியோடு வந்தார். அவருடைய தோளையும் கடித்தது. அதற்குள் முதலில் பாய்ந்த குண்டுகள் வேலை செய்ய, சிங்கம் செத்து விழுந்தது. மூன்று பேரும் உயிர் பிழைத்தார்கள். கர்த்தருக்கே ஸ்தோத்திரம்!

வெடிக்காத துப்பாக்கியைக்கொண்டும் தம்முடைய பிள்ளையைக் காப்பாற்ற நம் தேவன் வல்லவர்.

கூடாத எலும்பு

லிவிங்ஸ்டனுடைய இடது மேற்கையில் 11 பல் காயங்கள். எலும்பு நொறுங்கியிருந்தது. அந்த இடத்தில் டாக்டர் யார்? அவரேதான்! தன் கையை எப்படி வைத்துக் கட்டவேண்டும் என்று அவரே சொல்லவேண்டியிருந்தது. மயக்க மருந்து 1846-ல்தான் ஆபரேஷனுக்கு வந்தது, எக்ஸ்ரே 1895-ல். கிருமிகளைக் கொல்லும் மருந்து வைத்துக் கட்டுகிற முறையும் அப்போது கிடையாது. புண் சீழ் பிடித்து ஆற மாதங்கள் ஆனது. அதன்பின் குருமானுக்குப் போய் இளைப்பாறினார். அங்கேதான் மொபாட் ஐயாவின் மகள் மேரியோடு திருமணம் நிச்சயமானது. 1845 ஜனவரியில் திருமணம் நடந்தது.

ஆனால் அதற்கு முன்னே, நிச்சயம் முடிந்து மபோட்சாவுக்குத் திரும்பியவர், கை முழுசாய்க் குணமாகும் முன்பே பள்ளிக்கூடம் கட்டுகிற வேலையில் இறங்கிவிட்டார். ஒருநாள் மேலேயிருந்து விழுந்த கல்லை யோசிக்காமல் இடதுகையால் பிடித்துவிட்டார். கை மறுபடியும் ஒடிகிற நிலைமைக்கு வந்து, வீங்கி, காய்ச்சலும் கண்டது. வெயில் நேரத்திலும் நெருப்புக் காயவேண்டியதாயிற்று.

ஒடிந்த எலும்பின் இரண்டு முனையும் அசையாமல் சேர்ந்து இருந்தால்தான் கூடும். அசைந்துகொண்டே இருந்தாலோ, சீழ் பிடித்தாலோ, நடுவில் நார் மாதிரி சதை வளர்ந்து, மூட்டு இல்லாத இடத்தில் மூட்டுபோல ஆடும். டாக்டர்கள் இதைப் பொய் மூட்டு என்பார்கள். லிவிங்ஸ்டனுக்கு அப்படியே ஆனது. அந்தக் கையை அவரால் தோளுக்கு மேல் உயர்த்த முடியவில்லை.

அந்தக் கையோடு 29 வருஷம்

அவர் மூலையில் உட்காரவில்லை. துப்பாக்கியை இடது தோளில் வைத்து இடது கண்ணால் குறிபார்க்கப் புதிதாய்ப் பழகினார். 1854-ல் கண்டத்தின் மேற்குக் கரையிலுள்ள லுவாண்டாவுக்குப் போய்ச் சேர்ந்தார். வழியெல்லாம் காய்ச்சல். ஊருக்குப் போகக் கப்பல் தயாராயிருந்தும், கூட வந்த 27 பேரை வீடுசேர்ப்பேன் என்று கொடுத்த வாக்குக்காக மறுபடியும் காட்டுக்குள் திரும்பினார். 1856-ல் கிழக்குக் கரையை அடைந்தார். பின்னால் தோல்விகளும் உண்டு. 1862-ல் மேரியையும் மண்ணுக்குக் கொடுத்தார். ஆனாலும் அடிமைச் சங்கிலியில் கட்டப்பட்ட ஜனங்களுக்காகக் கடைசிவரை நடந்தார்.

1873 மே மாதத் தொடக்கத்தில், இன்றைய சாம்பியாவிலுள்ள சிதாம்போவின் கிராமத்தில், விடியற்காலையில் ஊழியர்கள் குடிசைக்குள் வந்து பார்த்தபோது அவர் படுக்கைப் பக்கத்தில் முழங்காலில் இருந்தார். ஜெபநிலையிலேயே கர்த்தருக்குள் நித்திரையடைந்திருந்தார்.

சாட்சி சொன்ன எலும்பு

சூசி, சுமா என்ற உண்மையுள்ள ஊழியர்களும் மற்றவர்களும் அவர் இருதயத்தை ஒரு மரத்தடியில் அடக்கம்பண்ணினார்கள். நம் நாட்டு நாசிக்கில் படித்த ஜேக்கப் வெயின்ரைட் என்ற ஆப்பிரிக்க வாலிபர் அடக்க ஆராதனை வாசித்தார். சரீரத்தை உப்பிட்டு வெயிலில் உலர்த்தி, ஆயிரம் மைலுக்கும் மேல் சுமந்து கடற்கரைக்குக் கொண்டுவந்தார்கள்.

1874 ஏப்ரலில் சரீரம் இங்கிலாந்து வந்தது. இது லிவிங்ஸ்டன்தானா? முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியாத நிலை. சர் வில்லியம் பெர்குசன் என்ற பிரபல சர்ஜன் இடது மேற்கை எலும்பைப் பார்த்தார். 30 வருஷத்துக்கு முன் ஒடிந்து கூடாமல்போன அந்தப் பொய் மூட்டு அங்கே இருந்தது! அதை வைத்தே அவர்தான் என்று உறுதிசெய்தார்கள். ஏப்ரல் 18-ம் தேதி வெஸ்ட்மின்ஸ்டர் ஆலயத்தில் அடக்கம் நடந்தது.

உயிர்த்தெழுந்த ஆண்டவரும் தோமாவுக்குத் தம் கைகளிலுள்ள தழும்பைத்தானே காண்பித்தார்!

தேவபிள்ளையே, உனக்கு!

கை ஒடிந்து ஆபரேஷன் ஆனவர்கள் நம் சபையிலும் உண்டு. பிளேட் வைச்சாச்சு, தையல் பிரிச்சாச்சு, ஜெபமும் பண்ணியாச்சு, இன்னும் கை மேலே வரலையே என்கிற வேதனை. எல்லாரும் இரண்டு கையையும் உயர்த்தித் துதிக்கும்போது ஒரு கையோடு நிற்கிற வெட்கம். விசுவாசம் குறைவோ என்று பக்கத்திலிருப்பவர் பார்க்கிற பார்வை வேறே!

சகோதரனே, சகோதரியே, லிவிங்ஸ்டனுக்கு இல்லாத வசதியைக் கர்த்தர் உனக்குத் தந்திருக்கிறார். எலும்பு அசையாமலிருக்க பிளேட்டும் ஸ்க்ரூவும் இருக்கிறது. ஆனால் எலும்பு கூடினால் மட்டும் போதாது. அசைக்காமலே வைத்திருந்தால் தோளும் முழங்கையும் இறுகிப்போகும். விரலை மடக்கி நீட்டுவது, கையைத் தொங்கவிட்டு மெதுவாய் ஆட்டுவது என்று பிசியோதெரபியில் சொல்லித்தருவதை, டாக்டர் சொன்ன நாளிலிருந்து, சொன்ன அளவுக்குச் செய். பாரம் தூக்க அவசரப்படாதே. விழுந்த கல்லை ஞாபகம் வைத்துக்கொள். சர்க்கரையைக் கட்டுக்குள் வை. இது அவிசுவாசம் அல்ல. எசேக்கியா ராஜாவுக்குக் கர்த்தர் சுகத்தை வாக்குப்பண்ணின பிறகும் அத்திப்பழ அடையைப் பற்றுப்போடச் சொல்லவில்லையா? (2 இராஜாக்கள் 20)

சபையாரே, அப்படிப்பட்டவர்களைக் கேள்வி கேட்காதீர்கள். கூடப்போய்ப் பையைத் தூக்குங்கள். சுகத்துக்காக விடாமல் ஜெபியுங்கள். அற்புதம் செய்கிற தேவன் இன்றும் ஜீவிக்கிறார். ஆனால் கை உயர்கிற அளவைக்கொண்டு ஒருவருடைய விசுவாசத்தை அளக்கவேண்டாம். தோளுக்கு மேல் உயராத கையோடு ஒரு கண்டத்தைக் கடந்தவர் கடைசியில் முழங்காலில் காணப்பட்டார்.

ஜெபிப்போம்: அன்பின் பரலோகப் பிதாவே, ஒடிந்த கைகளைத் தொட்டுச் சுகமாக்கும். சுகமாகும்வரை பொறுமையைத் தாரும். எந்த நிலையிலும் உமக்கு ஊழியம் செய்யக் கிருபை தாரும். இயேசுவின் நாமத்தில், ஆமென். அல்லேலூயா!