ஆல்பிரட் ஹிட்ச்காக்: மர்மத்தை முன்னதாகவே திறந்து வைத்த கலைஞர்

புதினம் திரைப்படமாகும்போது மூலக்கதை சிதைந்துவிட்டது என்னும் குறை எக்காலத்தும் எழுவதுண்டு. எதை மாற்றலாம், எதன்பொருட்டு மாற்றலாம் என்னும் வினாவுக்குத் தம் படைப்புகளாலேயே விடை தேடியவர் ஆல்பிரட் ஹிட்ச்காக்.

அவர் 1899 ஆகஸ்ட் 13 அன்று லண்டனை அடுத்த லெய்டன்ஸ்டோனில் காய்கறி வணிகர் ஒருவரின் மகனாகப் பிறந்தார். 1914இல் தந்தையை இழந்தார். தந்திக் கம்பி நிறுவனமொன்றில் பணியாற்றியபின், மௌனப் படங்களுக்கு எழுத்து அட்டை வரைபவராகத் திரையுலகில் நுழைந்தார். 1926இல் படத்தொகுப்பாளர் ஆல்மா ரெவிலை மணந்தார். கதையமைப்பில் அவருக்கு நெடுங்காலம் துணைநின்றவர் அவ்வம்மையாரே.

1927இல் வெளிவந்த 'தி லாட்ஜர்' மேரி பெல்லாக் லவுண்டெஸ் எழுதிய புதினத்தைத் தழுவியது. நூலில் வாடகைக்குக் குடிவந்தவனே கொலைகாரன். படத்திலோ அவ்வேடத்தை ஏற்றவர் மக்கள் விரும்பிய நாயகர் ஐவர் நோவெல்லோ. ஆதலின் அவன் குற்றமற்றவன் ஆனான். இது கலை கேட்ட மாற்றமன்று. வணிகம் கேட்ட மாற்றம்.

1936இல் ஜோசப் கான்ராடின் 'தி சீக்ரெட் ஏஜெண்ட்' என்னும் புதினத்தை 'சபோட்டாஜ்' என்ற பெயரில் படமாக்கினார். வெடிகுண்டு சுமந்த சிறுவனின் சாவை நூல் நேரே காட்டுவதில்லை. பின்னர் விசாரணையில்தான் அறிகிறோம். ஹிட்ச்காக்கோ பொதியினுள் இருப்பதை நமக்கு முன்பே உணர்த்தி, ஒன்றுமறியாச் சிறுவனை லண்டன் தெருக்களில் மெல்ல நடக்கவிட்டார். இறுதியில் பேருந்தில் குண்டு வெடித்தது. அத்துணை நேரம் அஞ்சிய மக்களுக்கு ஆறுதல் அளிக்காமல் சிறுவனைச் சாகவிட்டது தம் பிழையென்று பிற்காலத்தில் அவரே ஒப்புக்கொண்டார்.

அமெரிக்கா சென்றபின் 1940இல் எடுத்த 'ரெபெக்கா' சிறந்த படத்துக்கான ஆஸ்கார் பரிசு பெற்றது. டாப்னி டு மாரியரின் புதினத்தில் கணவன் மனைவியைச் சுட்டுக் கொல்கிறான். கொலைஞன் தண்டனையின்றித் தப்புவதை அக்காலத் தணிக்கை நெறி ஏற்கவில்லை. கொலை விபத்தாக மாறியது. கதையின் அறச்சுமையும் குறைந்தது.

அவர் செய்த பெரிய மாற்றமொன்றை 1958இல் வெளிவந்த 'வெர்டிகோ'வில் காணலாம். பொவாலோ, நார்செஜாக் என்னும் பிரெஞ்சு இரட்டையரின் புதினம் இரு பெண்களும் ஒருத்தியே என்னும் உண்மையை முடிவுவரை ஒளிக்கிறது. படமோ அதனை முன்பே திறந்துவிடுகிறது. அவ்வாறு செய்வதில் அவருக்கே ஒருகட்டத்தில் தயக்கம் இருந்தது. ஆயினும் அதனால்தான், யார் இவள் என்று வியந்த நாம், இவனுக்குத் தெரிந்தால் என்னாகும் என்று கலங்கத் தொடங்குகிறோம். வெளிவந்தபோது பெருவரவேற்புப் பெறாத அப்படத்தை 2012இல் 'சைட் அண்ட் சவுண்ட்' இதழ் நடத்திய திறனாய்வாளர் வாக்கெடுப்பு முதலிடத்தில் வைத்தது.

1960இல் வந்த 'சைக்கோ'வில் இதற்கு மாறாக மறைத்தலைக் கையாண்டார். ராபர்ட் பிளாக்கின் புதினம் விடுதிக்காரனிடமிருந்து தொடங்குகிறது. படமோ பணம் திருடிய பெண்ணையே கதைத்தலைவியாக நம்பவைத்துப் பாதிவழியில் பறித்துவிடுகிறது. நூலில் பருத்த நடுவயதினனாக இருந்தவன் திரையில் இரக்கத்துக்குரிய இளைஞனானான். நம் பரிவு தடம் மாற அதுவே வழிசெய்தது.

நூல் படிப்பவர் விரும்பினால் பக்கத்தைப் பின்னோக்கிப் புரட்டலாம். அரங்கில் அமர்ந்தவருக்குக் காலம் முன்னோக்கி மட்டுமே ஓடுகிறது. ஆகவே எதைச் சொல்வது என்பதைவிட எப்போது சொல்வது என்பதே திரையில் தலையாயது. இதை உணர்ந்து செய்த மாற்றங்கள் நின்றன. அச்சத்தாலும் ஆணையாலும் நேர்ந்தவை தழும்பாகவே தங்கின.

சிறந்த இயக்குநருக்கான ஆஸ்கார் பரிசு அவருக்கு ஒருமுறையும் கிட்டவில்லை. 1980இன் தொடக்கத்தில் 'சர்' பட்டம் பெற்ற அவர், அவ்வாண்டு ஏப்ரல் 29 அன்று லாஸ் ஏஞ்சல்ஸில் மறைந்தார். கதையைத் திரைக்குக் கொணர முனைவோர்க்கு அவருடைய வெற்றிகளைப் போலவே பிழைகளும் பாடமாக நிற்கின்றன.