இரும்பாலை நடாத்திய ரெபேக்காள் லூக்கன்ஸ் அம்மையார்

அமெரிக்க ஐக்கிய நாடுகள் சுயாதீனம் பெற்றபின் முதற் சில பதிற்றாண்டுகளில், அந்நாட்டின் இரும்புத் தொழில் பெரும்பாலும் குடும்பச் சொத்தாகவே நடைபெற்று வந்தது. காடும் ஓடையும் இரும்புக் கல்லும் ஒருங்கே வாய்ந்த பென்சில்வேனியா மாகாணத்தில், தகப்பன் வைத்த ஆலையை மகனாவது மருமகனாவது ஏற்பது வழக்கம். மகளே ஏற்று நடாத்தியது புதுமை. அப்புதுமைக்குரியவர் ரெபேக்காள் லூக்கன்ஸ் அம்மையார்.

இவர் 1794ஆம் ஆண்டு ஜனவரி மாதம் 6ஆம் தேதி, குவேக்கர் எனப்படும் கிறிஸ்தவ சங்கத்தைச் சார்ந்த ஐசக் பென்னக் என்பவருக்குப் புதல்வியாகத் தோன்றினார். இரும்பைக் கீறும் ஆலையொன்றை முன்னரே நடாத்தி வந்த தந்தையார், 1810இல் பிராண்டிவைன் ஆற்றங்கரையில், பின்னர் கோட்ஸ்வில் என வழங்கிய இடத்தில், மரமறுக்கும் ஆலையொன்றைக் கூட்டாளி ஒருவருடன் வாங்கி இரும்பாலையாக மாற்றினார். ரெபேக்காள் 1813இல் சார்லஸ் லூக்கன்ஸ் என்னும் வைத்தியரை மணந்தார். வைத்தியர் மருந்துப் பெட்டியை மூடிவிட்டு மாமனாரின் தொழிலிற் புகுந்தது வியப்பே. அவர் அவ்வாலையைக் குத்தகைக்கு எடுத்து, 1818 அளவில் நீராவி யந்திரங்களுக்குரிய கொதிகலத் தகடுகளை உருட்டத் தொடங்கினார். ஆணிக்குரிய இரும்பு சிறிது குறையுடையதாயினும் பெருங்கேடு நேராது. கொதிகலத் தகட்டிற் பழுதிருப்பின், ஆவியின் அழுத்தத்தால் கலம் வெடித்து உயிர்ச்சேதம் விளையும். ஆகலின் நற்பெயரே இவ்வியாபாரத்திற்கு முதலாயிற்று.

அமெரிக்காவில் இரும்புடலோடு கட்டப்பெற்ற முதல் நீராவிக் கப்பலாகிய கோடரஸுக்குத் தகடு செய்யும் வேலை இவ்வாலைக்குக் கிடைத்தது. அவ்வேலை நடந்த 1825ஆம் ஆண்டிலேயே சார்லஸ் காலமானார். தந்தையாரோ முந்திய ஆண்டே மறைந்திருந்தார். அம்மையாருக்கு அப்போது வயது 31; கையிற் குழந்தைகள், வயிற்றில் மற்றொன்று, ஆலையின்மேற் கடன். ஆலை தமக்கே வரும் என நம்பியிருந்தார். மரண சாசனமோ சொத்தைத் தாயாரின் ஜீவிய காலம்வரை அவர் வசம் ஒப்புவித்திருந்தது. பெண்ணொருத்தி இரும்பாலை நடாத்துவது தகாது என்பது தாயாரின் துணிபு. அந்நியரின் தடையினும் பெற்றவளின் தடை கொடிதன்றோ! எனினும், தொழிலைக் கைவிடலாகாது என்று கணவர் இறுதியிற் கேட்டுக்கொண்டதை அம்மையார் மறந்தாரில்லர்.

கணவரின் சகோதரர் சாலொமோன் லூக்கன்ஸை ஆலைக்குள் வேலைகளை மேற்பார்க்க நியமித்து, கொள்முதல், விலை, கடிதப் போக்குவரத்து ஆகியவற்றைத் தாமே கவனித்தார். கோடரஸும் அவ்வாண்டிலேயே சஸ்குவஹன்னா நதியில் மிதந்தது. சிறிது சிறிதாகக் கடன் தீர்ந்தது. குடும்பத்தாருடன் உண்டான வழக்கு மட்டும் பல்லாண்டுகள் நீடித்தது.

1837இல் நாடெங்கும் பணமுடை உண்டாகிப் பல தொழிற்சாலைகள் அடைபட்டன. தகடு வாங்குவாரில்லை. அம்மையாரோ வேலையாட்களை விலக்காது, ஆலையைப் பழுதுபார்க்கவும் தம் பண்ணையில் உழைக்கவும் ஏவினார். கூலிக்கு ரொக்கமில்லாதபோது பண்ணை விளைபொருள்களையே அளந்தார். இவர் சரித்திரத்தில் எமக்கு மிகவும் சிறந்ததாகத் தோன்றுவது இதுவே.

1847இல் ஆலைப் பொறுப்பினின்று விலகினார். மருமக்களாகிய ஆபிரகாம் கிப்பன்ஸும் சார்லஸ் ஹூஸ்டனும் தொழிலைத் தொடர்ந்தனர். 1854ஆம் ஆண்டு டிசம்பர் மாதம் அம்மையார் உயிர் நீத்தார். 1859இல் ஆலைக்கு லூக்கன்ஸ் என்னும் பெயர் இடப்பெற்றது. 1998இல் பெத்லகேம் எஃகுக் கம்பெனியார் வாங்கும்வரை அக்கம்பெனி அப்பெயராலேயே வழங்கிற்று.